சுருட்டி வைத்த உலகம்

எங்கள் காலத்தில் நைல் நதி துணியில் ஓடியது. தலைமையாசிரியர் அறையின் மூலையில் ஒட்டடைக் கம்போடும் யாரோ மறந்துவிட்டுப்போன குடையோடும் சாத்தி வைத்திருந்த உருளைகளில் ஒன்றுக்குள் ஆப்பிரிக்கா கண்டமே சுருண்டு படுத்திருக்கும்; புவியியல் வகுப்பு என்றால் ஒருவன் போய் அதைத் தூக்கிவர வேண்டும், அந்த ஒருவனாக இருப்பதற்கு எல்லாரும் துடிப்போம், ஏனென்றால் போகவும் வரவும் ஆகிற கால் மணி நேரம் அவனுக்கு வகுப்பு கிடையாது. கரும்பலகைக்கு மேலே அடித்திருந்த ஆணியில் மேப்பை மாட்டியதும் அது எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்கும். சார் மூங்கில் குச்சியின் நுனியை விக்டோரியா ஏரியில் வைத்து மெல்ல வடக்கே நகர்த்துவார். கார்ட்டூம், அஸ்வான், கெய்ரோ என்று ஊர்கள் வரிசையாக வரும். அவர் ராமேஸ்வரத்தைத் தாண்டிக் கடலை அறியாதவர். ஆனாலும் கார்ட்டூமில் குச்சியை நிறுத்தி, வெள்ளை நைலும் நீல நைலும் இங்கேதான் சேருது, நம்ம பவானி கூடுதுறை மாதிரின்னு வச்சுக்கங்கடா என்பார். மதுரைக்குத் தெற்கே புழுதியில் வளர்ந்த நாங்கள் பவானியையும் பார்த்ததில்லை, கூடுதுறையையும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைக் காட்டிப் பார்க்காத இன்னொன்றை அவர் விளக்கினார், எங்களுக்கும் அது விளங்கித் தொலைத்தது.

இந்தியா மேப்பின் கதை இன்னும் சுவையானது. அது அச்சாகி வந்த காலத்தில் நாம் இருந்தது மதராஸ் மாநிலத்தில். 1969-இல் தமிழ்நாடு ஆனோம். சார் ஒரு துண்டுக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, மைதா பசை தடவி, பழைய பெயர்மேல் ஒட்டினார். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசம் ஆயிற்று, இன்னொரு துண்டு. 1973-இல் மைசூர் கர்நாடகம் ஆயிற்று, மறுபடியும் பசை. மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஒட்டுகள் உரியும், ஒருநாள் காலையில் வங்கதேசம் தரையில் கிடக்கும், பெருக்குகிற ஆயா அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். இன்றைக்கு என் பேத்தியின் பள்ளியில் கருவிகளெல்லாம் ‘அப்டேட்’ ஆகிறவரை அரை மணி நேரம் வகுப்பு மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவள் சொல்லும்போது, எங்கள் சாரின் மைதா பசை காய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பேத்தி ஏழாம் வகுப்பு. அவளுடைய கட்டண ரசீதில் பேருந்து, சீருடை, யோகா இவற்றுக்குக் கீழே ‘வி.ஆர். லேப்’ என்று ஒரு வரி இருக்கிறது, நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க என் அப்பா செலவழித்த மொத்தத்தையும் அந்த ஒரு வரி ஒரே மடக்கில் விழுங்கிவிடும். அந்த லேபில் தலையில் மாட்டிவிடுகிற மெய்நிகர்க் கண்ணாடிகளை விற்கிற மெட்டா நிறுவனமே 13 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்து, 2023-இல் பெற்றோர் மேற்பார்வை இருந்தால் 10 வயதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. குறைந்தபட்ச வயது போட்டவர்கள் அதிகபட்ச வயதைப் போட மறந்துவிட்டதால், தாத்தா பாட்டி தினத்தன்று எனக்கும் ஒன்றை மாட்டிவிட்டார்கள்.

அரைக் கிலோ இருக்கும். முகத்தில் படுகிற பஞ்சுப் பட்டையை மிஸ் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துத் தந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் வருமே, அந்த வாசனை. என் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே அதை ஏற்றிப் பின்மண்டையில் பட்டையை இறுக்கியதும் காதுமடல் மடங்கியது. மூக்கின் இரண்டு பக்கமும் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. அதன் வழியே பார்த்தால் என் செருப்பும் பள்ளிக்கூடத்து டைல்ஸ் தரையும், நிமிர்ந்தால் தஞ்சைப் பெரிய கோயில். பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினேன். “தாத்தா, செருப்பு போட்டுக்கலாம் தாத்தா, இது நிஜக் கோயில் இல்ல” என்று பேத்தியின் குரல் எங்கிருந்தோ வந்தது. தலையைத் திருப்பினால் நந்தி. இன்னும் திருப்பினால் வானம். அண்ணாந்தால் 216 அடி விமானம் அடுக்கடுக்காக மேலே போய்க்கொண்டே இருந்தது. மலைத்துத்தான் போனேன், மறுப்பதற்கில்லை. பிறகு குனிந்து பார்த்தேன். எனக்குக் கால் இல்லை. ஆயிரம் ஆண்டுக் கற்றளத்தின்மேல் நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வெறும் கல்தான் இருந்தது, அதில் என் நிழலும் இல்லை.

நிழல் என்றதும் 1975 வாக்கில் நாங்கள் அதே கோயிலுக்குப் போன இன்பச் சுற்றுலாதான் நினைவுக்கு வந்தது. தலைக்குப் பன்னிரண்டு ரூபாய். வீட்டில் அந்தப் பன்னிரண்டைக் கேட்டு வாங்குவதற்குள் பட்ட பாட்டில் ராஜராஜன் அந்தக் கோயிலையே கட்டி முடித்திருப்பான். ராத்திரி பஸ். புளியோதரைப் பொட்டலங்கள், மஞ்சள் பை, ஜன்னலோர இடத்துக்கு அடிதடி. திருச்சியில் மலைக்கோட்டை விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்று சபதம் எடுத்துக்கொண்டு விழித்திருந்தவர்களெல்லாம் சரியாக விராலிமலை தாண்டியதும் தூங்கிப்போனோம். தூங்காதவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மருந்தாகச் சாரின் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் இருக்கும், நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கைமாற்ற வேண்டும். திருச்சி வருவதற்குள் அது வகுப்பு மொத்தத்தின் மூக்கையும் சுற்றி வந்திருந்தது.

அந்தக் கோளாறு இன்றைக்கும் ஒழிந்தபாடில்லை. பேத்தியின் வகுப்பில் இரண்டு மூன்று பேருக்குக் கண்ணாடியை மாட்டியதுமே தலை சுற்றுகிறது, மிஸ் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். காரணம் எளிது: பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு ‘நகர்கிறோம்’ என்று சொல்லும், கண் ‘இல்லவே இல்லை’ என்று சாதிக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட வயிறு புரளும். கண்ணாடிக்குள் அது தலைகீழ். கண் ‘பறக்கிறோம்’ என்கிறது, காது ‘சும்மா இரு, நிற்கிறோம்’ என்கிறது. ஐம்பது ஆண்டு விஞ்ஞான வளர்ச்சியில் கண்ணும் காதும் கட்சி மாறிக்கொண்டிருக்கின்றன. வயிறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எலுமிச்சம்பழம் வாங்கி வைக்கலாமே என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சார் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். போய் இறங்கியது காலை நேரம். மேற்குப் பக்கம் தரை மொத்தமும் நிழல். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், சாரும் பார்த்தார், யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல் கல் சுட ஆரம்பித்ததும் அந்த விழாத நிழலில்தான் ஒதுங்கினோம். வெறுங்காலோடு ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு ‘உஸ் உஸ்’ என்று குதித்து ஓடுவதும், ஓடுகிற வழியில் எவனாவது ஒருத்தன் வேண்டுமென்றே வழியை மறித்து வெயிலில் நிறுத்துவதும், புளியோதரைக் கையை எங்கே கழுவுவது என்று தெரியாமல் டிரவுசரில் துடைத்ததும்தான் எனக்குச் சோழர் வரலாறு. 1010-ஆம் ஆண்டு என்பது உள்ளங்காலில் போட்ட சூட்டோடு உள்ளே போனதால் இன்று வரைக்கும் மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் வந்தது தண்டனை: ‘நான் சென்ற இன்பச் சுற்றுலா’ என்ற தலைப்பில் இரண்டு பக்கக் கட்டுரை. போனதற்கே எழுத வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டு எழுதினோம். எங்கள் வகுப்பில் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் பன்னிரண்டு ரூபாய் புரளாமல் வராமல் நின்றுபோனவன். அவனும் எழுதத்தான் வேண்டும் என்றார் சார். அவன் இரண்டு நாள் எங்களை விடவில்லை. நந்தி எவ்வளவு பெருசு, கோயிலுக்குள்ள என்ன வாசனை, வாசல்ல எத்தனை கோபுரம் தாண்டணும், யாரு முதல்ல வாந்தி எடுத்தது என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் தண்ணிக் குழாயடியிலும் துளைத்து எடுத்தான். ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் வைத்துச் சரிபார்த்தான், முரண்பட்டால் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தினான். கேட்டுக் கேட்டு அவன் எழுதிய கட்டுரைக்குத்தான் முதல் மதிப்பெண். நிழல் விழாது என்று அவன் எழுதியிருந்தான், அதற்கு ஒரு சரி. விழுந்தது என்று கண்ணால் கண்டதை எழுதியவனுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. அன்று எங்களுக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் வகுப்பில் முதன்முதலாக மெய்நிகர்ச் சுற்றுலா போய்வந்தவன் அவன்தான் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கருவி, நாற்பது பேருடைய வாய்.

கருவி என்று பார்த்தால் அதுவும் புதிதில்லை. இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வேறுபட்ட இரண்டு படத்தைக் காட்டினால் மூளை அதை ஆழமுள்ள ஒரே காட்சியாகக் கட்டிக்கொள்ளும் என்று சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-லேயே காட்டிவிட்டார். சிங்கப்பூர் மாமா உள்ள பையன் ஒருவன் எங்கள் தெருவில் இருந்தான்; அவனிடம் வியூ மாஸ்டர் இருந்தது. வட்ட அட்டையில் பதினான்கு சிறு படங்கள், கண்ணுக்கு ஏழு. பக்கத்துக் கட்டையை அழுத்தினால் ‘க்ளக்’ என்று அடுத்தது வரும். ஒரு சுற்றுக்கு ஒரு நெல்லிக்காய் கட்டணம். கிராண்ட் கேன்யனின் பாதாளத்தைப் பார்த்துவிட்டு நான் திண்ணை விளிம்பிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்ததை அவன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு 1984-இல், கல்யாணமான புதிதில், ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ பார்க்கப் போனோம்; இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அவளுக்கு ஒரு கண்ணாடி, எனக்கு ஒரு கண்ணாடி. திரையிலிருந்து நீண்டு வந்ததைப் பிடிக்க அவள் கையை நீட்டினாள், நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். தொழில்நுட்பத்தால் எனக்குக் கிடைத்த பலன்களில் அதை மிஞ்சியது இன்னும் வரவில்லை.

பள்ளிக்கூடத்தை அடியோடு மாற்றிவிடுவேன் என்று கிளம்பிவந்த கருவிகளின் வரிசையும் பெரியது. சினிமா வந்துவிட்டது, இனிப் பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலை இல்லை, பத்தாண்டில் எல்லாம் மாறிவிடும் என்று எடிசன் 1913-லேயே சொல்லிவிட்டார்; பாவம், அவர் எங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் ஜூன் மாதக் கூட்டத்தைப் பார்த்ததில்லை. என் மகன் படிக்கும்போது கம்ப்யூட்டர் அறை வந்தது. ஊரிலேயே ஏ.சி. போட்ட ஒரே இடம்; வாசலில் செருப்பைக் கழற்றி, வரிசையில் போய், மேலே போர்த்தியிருந்த பூப்போட்ட துணியைப் பயபக்தியோடு விலக்கி, ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேராக உட்கார்ந்து வந்தார்கள். 2014-இல் கூகுள் அட்டைப்பெட்டியில் கண்ணாடி செய்தது. அடுத்த ஆண்டே எக்ஸ்பெடிஷன்ஸ் என்று பள்ளிகளுக்கான பயணங்கள் வந்தன. மாணவர் எங்கே பார்க்கிறார்கள் என்பது ஆசிரியர் கையிலிருக்கிற திரையில் குட்டிச் சிரிப்பு முகங்களாகத் தெரியுமாம். எங்கள் சாருக்கு அந்த வசதி தேவைப்பட்டதில்லை; கரும்பலகையில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, “மூணாவது பெஞ்சு, ஜன்னல்ல என்னடா வேடிக்கை?” என்பார். 2021-இல் கூகுள் அந்தக் கடையை மூடிவிட்டது. எங்கள் துணி மேப்பு அதைவிடப் பல மடங்கு உழைத்தது. கடைசியில் சத்துணவுக் கூடத்துக்குத் திரைச்சீலையாகி, ஓய்வூதியம் வாங்காமலே ஓய்ந்தது.

ஆனால் போனதெல்லாம் பொன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பி.யு.சி. விலங்கியலில் மெழுகுத் தட்டில் நாலு காலையும் ஊசியால் குத்தி மல்லாத்திய தவளை. மார்பைத் திறந்த பிறகும் அதன் இதயம் சுண்டைக்காய் அளவில் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. நான் படம் வரைந்து பாகம் குறித்து முடிக்கிறவரை துடித்தது. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னபோது நான் மனசுக்குள் கை தட்டினேன். இப்போது கண்ணாடிக்குள் அறுக்கப்படுகிற தவளை ஒரு பொத்தானை அழுத்தினால் எழுந்து உட்காருகிறது. வேதியியலிலும் அப்படித்தான், பிப்பெட்டை வாயால் உறிஞ்சிப் பாதிக் கரைசலைக் குடித்தவர்கள் எங்கள் தலைமுறையோடு முடிந்தார்கள். என்ன, ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் மட்டும் கண்ணாடிக்குள் வருவதில்லை. எந்த உப்பு, எந்த வாயு என்பதெல்லாம் மறந்துபோன என் நண்பர்கள் கல்யாணப் பந்தியில் கூடினால், அந்த நாற்றத்தைப் பற்றி மட்டும் பாயசம் வருகிறவரை பேசுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளைகூட வரவில்லை. ராத்திரிப் பயணம், யார் வீட்டில் விடுவார்கள்? வகுப்பில் பாதிப் பேருக்குச் சோழர் காலம் பாடப்புத்தகத்துக் கறுப்புவெள்ளைப் படத்தோடு நின்றது. அந்தப் பஸ்ஸைப் பற்றி நான் எவ்வளவு உருகினாலும், இரண்டு தெரு தள்ளியிருந்து பின்னாளில் எனக்கு வாழ்க்கைப்பட்டவள் அன்று அதில் ஏற முடியாதவர்களில் ஒருத்தி. ஏறாதவர்களையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைப் பார்த்து மூக்கைச் சுளிக்க ஏறியவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தவை வெளிநாட்டு ஆராய்ச்சிகள். கீடோ மக்ரான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகப் பாடத்தைத் தலைக்கண்ணாடியில் பார்த்த மாணவர்களுக்கு ‘அங்கேயே இருக்கிற’ உணர்வு கூடியது, கற்றுக்கொண்டது என்னவோ சாதாரணத் திரையில் பார்த்தவர்களைவிடக் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டு கலிஃபோர்னியாவில் ஜோஸ்லின் பராங், ரிச்சர்ட் மேயர் இருவரும் இரத்த ஓட்டப் பாடத்தை வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியில் இரத்தநாளத்துக்குள் மிதந்தவர்கள் உற்சாகத்தில் முந்தினார்கள், ஸ்லைடு பார்த்தவர்கள் மதிப்பெண்ணில் முந்தினார்கள். ஆனால் மிதந்தவர்களையே நடுநடுவே நிறுத்தி, பார்த்ததைச் சுருக்கமாக எழுதச் சொன்னபோது, சும்மா மிதந்தவர்களைவிட அவர்கள் தேறினார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் சார் எந்த ஆராய்ச்சியும் செய்யாமல், வாங்குகிற சம்பளத்துக்கு எதையாவது எழுதச் சொல்வோமே என்று சொன்ன அந்தப் பாழாய்ப்போன கட்டுரைக்கு இத்தனை வருஷம் கழித்துக் கலிஃபோர்னியாவிலிருந்து சான்றிதழ் வந்திருக்கிறது.

பேத்தியின் பள்ளிக்கு அது தெரியுமோ தெரியாதோ, அவர்களுடைய சிக்கனம் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு வாங்கியது பத்துக் கண்ணாடி. ஒருத்தி மாட்டிக்கொண்டு கையைக் காற்றில் துழாவுகிறாள், மூன்று பேர் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, “ஏய், என்ன தெரியுது? சொல்லுடி!” என்று உலுக்குகிறார்கள். “சிவப்பா தட்டு மாதிரி நெறைய வருது... நடுவுல குழி... ஐயோ, மோதப் போவுது!” “அது ஆர்பிசிடி, அதுக்கு நியூக்ளியஸ் கெடையாது, புக்ல இருக்கு.” “வெள்ளையா ஒண்ணு வருது, பெருசா!” “தள்ளு, இப்ப என் டர்ன்!” பார்க்கிறவளுக்குப் பேர் தெரியாது, பேர் தெரிந்தவளுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை, இரண்டும் சந்திக்கிற அந்த வரிசையில்தான் பாடம் நடக்கிறது. அடுத்த ஆண்டு ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கப் போவதாகத் தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்; கட்டணம் கட்டுகிறவன் அப்படிச் சொன்னால் கஞ்சன் என்பார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன்.

போன வாரம் பேத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தமிழ் மிஸ் கட்டுரை கேட்டிருக்கிறாராம்: வி.ஆர். லேபில் கண்டது பற்றி இரண்டு பக்கம். எனக்கு ஐம்பதாண்டுப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்: “சென்ற வெள்ளிக்கிழமை அதிகாலை நாங்கள் அனைவரும் மகிழ்ச்சியுடன் புறப்பட்டோம்...”

“நாங்க எங்கயும் புறப்படலையே தாத்தா. மூணாவது பீரியட்ல மாட்டுனோம்.”

“அப்படின்னா நீயே எழுதும்மா.”

எழுதினாள். நடுவில் சந்தேகம் வந்து புத்தகத்தைப் புரட்டினாள், தோழிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள், ஒரு பக்கத்தை அடித்துவிட்டுத் திருப்பி எழுதினாள். முடித்ததும் நோட்டை என்னிடம் நீட்டினாள். ‘நாங்கள் வலது மேலறை வழியாக இதயத்துக்குள் நுழைந்தோம். அங்கே மிகவும் கூட்டமாக இருந்தது. ஒரு கதவு திறந்து எங்களைக் கீழே தள்ளியது. பிறகு நுரையீரலுக்குச் சென்று கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டோம். திரும்பும்போது இடது பக்கமாக வந்தோம். யாருக்கும் வாந்தி வரவில்லை.’

கடைசி வரி பொய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கே தலை சுற்றியதைச் சொல்லியிருந்தாள். கேட்டால், “மிஸ்தான் தாத்தா நல்லதா மட்டும் எழுதணும்னாங்க” என்றாள். பாடமுறையின் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் இதுவரை எந்த அப்டேட்டும் வரவில்லை.